இடப்பக்கம் இழுக்கும் படகு

அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கி உக்காருங்க. மூக்கு இடிச்சிரும். உங்க மூக்கச் சொல்லல, படகு மூக்கச் சொல்லுதேன். மூணடி நீளம், எப்பிடி வச்சாலும் யாரையாவது இடிக்குது. கண்டக்டர் மேல தட்டுல போடச் சொன்னாரு. பெத்த பிள்ளையத் தட்டுல போடுவீரான்னு கேட்டேன், டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

எங்க இறங்குதீங்க? பாவூர்ச்சத்திரமா. நான் சுரண்டை. இந்த வண்டி என்ன இவ்வளவு மெதுவாப் போகுது? ஆழ்வார்குறிச்சியில ஏழு நிமிசம் போட்டுட்டான், நான் மணி பாத்தேன். நடந்து போனா இதுக்குள்ள கடையம் போயிருக்கலாம்.

உங்க பையில இருக்கது கீலுதான? வண்டி குலுங்கும்போது சத்தம் வந்திச்சு, அத வச்சே சொல்லிட்டேன். நாலங்குலக் கீலு. தலைவாசக் கதவுக்கா வாங்கினீங்க? பத்தாது அண்ணாச்சி, அஞ்சு வாங்கிருக்கணும். கடைக்காரன் இருக்கதத் தள்ளி விட்டுட்டான். நான் ஆசாரிலா, அதான் சொல்லுதேன். அம்பாசமுத்திரத்துல வந்து நிலைக்கதவு ஆவுடையப்பன்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூட்டிட்டு வந்து விட்டிரும். நிலை வச்சாச்சா? வர்ற புதன்கிழமையா. நல்ல நாளுதான்.

முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. எம் மக, உலகேஸ்வரி. உலகுன்னு கூப்பிடுவேன். ஒரே பிள்ளை. அவ அம்மா போயி ஏழு வருசம் ஆச்சு. இங்ஙன என் பக்கத்துல உக்காருன்னேன், பெட்டிய விட்டு வர மாட்டேன்னுட்டா. காலடியில மரப்பெட்டி இருக்குல்லா, அதுக்குள்ள தையல் மிஷினோட தலை இருக்கு. பெட்டி நான் செஞ்சதுதான். படகு ஓடுறதப் பாக்க வர்றவளுக்குத் தையல் மிஷின் எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க. நானும் கேட்டேன். ரிப்பேராம், சுரண்டையில நல்லாப் பாக்குற ஆளு இருக்காராம். இருக்கும்.

படகப் பத்திச் சொல்லுதேன், அப்பதான் உங்களுக்குப் புரியும். இத நான் மட்டும் செய்யல. உடம்பு நான் செஞ்சது, உசுரு சம்பந்தி குடுத்தது. சம்பந்தின்னா கோமதிநாயகம், எம் மாப்பிள்ளையோட அப்பா. தட்டாசாரி வீட்டுல பிறந்து ரேடியோ டிவி ரிப்பேர் பாத்தவரு. இப்பம் டிவி ரிப்பேர் பாக்க யாரு இருக்கா, கெட்டா தூக்கிப் போடுதாங்க. வீட்டுல ஒரு ரூம் முழுக்க ஒயரும் போர்டுமா வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாரு. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வந்தப்பம் என் பட்டறையில தேக்குத் துண்டக் கையில எடுத்துப் பாத்துட்டு, 'சம்பந்தி, இதுல ஒரு படகு செஞ்சா ரிமோட்டுல ஓட விடலாமே' ன்னாரு. அப்பம் பிடிச்ச கோட்டிதான் ரெண்டு பேருக்கும்.

நான் வெறும் வள்ளம் மாதிரி செய்யல. தட்டையான அடி, தேக்குச் சட்டம், மேல மூணு பூச்சு வார்னிஷ். தடவிப் பாருங்க, இணைப்பு தெரியுதா? தெரியாது. அவரு மோட்டாரு, பேட்டரி, சுக்கானத் திருப்புற குட்டி மோட்டாரு எல்லாம் வரவழைச்சு மாட்டுனாரு. தொட்டியில விட்டா ஓடிச்சு. தை மாசம், எங்க ஊருக் குளம் நிறைஞ்சு கிடந்துச்சு. நல்ல நாள் பாத்து இறக்கினோம்.

இறக்குறதுக்கு நாலு நாள் முந்தி முறைப்படி செஞ்சேன். என்ன முறைன்னு கேக்கீங்களா? நீங்க புதன்கிழமை நிலை வைக்கும்போது அடியில பஞ்சலோகம் வைப்பீங்கள்லா, அதேதான். வீடுன்னா ஈசானிய மூலை, வடகிழக்கு. படகுக்கு மூக்குதான் கிழக்கு. அப்பம் ஈசானியம் எங்க வரும்? மூக்குல இடப்பக்கம். அங்ஙன ஒரு குழி எடுத்து, பஞ்சலோகக் கட்டி ஒண்ணு வச்சு, பலகை போட்டு மூடி, வார்னிஷ் அடிச்சிட்டேன். கட்டி எங்க அத்தான் குடுத்தது, அவரு சிலை வார்க்கிறவரு. வார்த்து மிஞ்சினதுல, நெல்லிக்காய் அளவுல ஒரு உருண்டை. உலகு வீடு கட்டும்போது அவ தலைவாசலுக்கு வைக்கணும்னு எடுத்து வச்சிருந்தேன். அவங்க வாடகை வீட்டுலதான இருக்காங்க, எப்பம் கட்டப் போறாங்க. அதான் படகுக்கு வச்சேன். சம்பந்தி அன்னைக்கு எங்க ஊருக்கு வரல. உலகு பொங்கலுக்கு வந்திருந்தா, அவதான் சூடம் காட்டினா.

அதுலருந்துதான் அண்ணாச்சி ஆரம்பிச்சுது. படகு இடப்பக்கம் இழுக்குது. மெதுவா விட்டா நேரா போகும். வேகத்த ஏத்தினா மூக்க இடப்பக்கம் குத்திக்கிட்டு வட்டம் அடிக்கும். குளத்துல எருமை குளிப்பாட்டுறவன் கூடச் சிரிக்கான்.

முதல்ல சம்பந்தி சொன்னாரு, எனக்குப் படகு ஓட்டத் தெரியலைன்னு. படகு நம்மள விட்டுப் போகும்போது வலம்னா வலம், இடம்னா இடம். நம்மளப் பாத்துத் திரும்பி வரும்போது எல்லாம் மாறிரும்லா. நான் வலப்பக்கம் திருப்புனா அது என் இடப்பக்கம் போகும். அவரு ஒரு வழி சொன்னாரு, அது உங்களப் பாத்து வரும்போது எந்தப் பக்கம் விலகிப் போகுதோ அந்தப் பக்கமே ரிமோட்டுக் குச்சியத் தள்ளுங்க, சரியாயிரும்னு. எனக்கு அது வரவே இல்ல. போகும்போது ஜோராப் போகும், வரும்போது கரையில முட்டும். கடைசில நான் படகுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, கழுத்த மட்டும் திருப்பிப் பாத்து ஓட்டினேன். கழுத்து சுளுக்கிப் போச்சு. ஆனா அது வேற, இது வேற. அவரு ஓட்டினாலும் இடப்பக்கம்தான் இழுத்துச்சு. அப்பம் என் கையில குத்தம் இல்லைன்னு ஆச்சுல்லா.

அந்தச் சமயத்துலதான் உலகு சுரண்டையிலருந்து எங்கிட்ட வந்துட்டா. அதையும் சொல்லுதேன்.

ஒரு நாள் எங்கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தா. என்னளா சத்தம் ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லப்பான்னா. திரும்பத் திரும்பக் கேட்டேன். மிஷின் போட இடம் இல்ல, ஹால்ல போட்டுத் தைக்கேன், மாமா ரூம் முழுக்க ரேடியோ சாமான் கிடக்கு, ஒதுக்கித் தாங்கன்னு கேக்கக் கூச்சமா இருக்குன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு மனசு கேக்கல. மறுநாள் காலையிலயே ஒரு குட்டியானை லோடு வண்டி பேசிக்கிட்டு சுரண்டைக்குப் போயிட்டேன். சம்பந்தி கடைத்தெருவுக்குப் போயிருந்தாரு, மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தாரு. மிஷினத் தூக்கி வண்டியில ஏத்தினேன். உலகு வாசல்ல நின்னு, 'அப்பா, சாயங்காலம் அவங்க வந்ததும் சொல்லிட்டு வாரேனே' ன்னா. வண்டிக்காரன் நிக்க மாட்டாம்மான்னு சொல்லி ஏத்திக்கிட்டேன். வந்துட்டா. தன்னால வந்துட்டா.

எங்க வீட்டுல அவ ரூம் அப்பிடியே இருக்குல்லா. கல்யாணத்தன்னைக்கே சாவிய அவ கையில குடுத்துச் சொல்லிட்டேன், ஒரு சின்ன மனவருத்தம்னாலும் உன் ரூம் உனக்குத்தான், ஒரு துரும்ப எடுத்து அங்ஙன போட மாட்டேன்னு. எந்த அப்பன் சொல்லுவான்? வாரம் ஒருக்க நானே தூத்துத் துடைச்சு வைக்கேன். அவ பழைய மேஜை, படிச்ச புத்தகம், எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு.

மாப்பிள்ளை செண்பகராமன் வரத்தான் செஞ்சாரு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு தடவை வந்தாரு. முதல் தடவை வந்து பட்டறையில முக்காலியில உக்காந்தாரு. நான் படகு விசயத்த எல்லாம் சொன்னேன். சுக்கான் அகலம் பத்தலையோன்னு சந்தேகம், ஒரு அங்குலம் கூட்டிப் பாத்தது, வேகமாப் போனா அப்பமும் இழுத்தது, ரிமோட்டுல ஓரத்துல ஒரு சின்னத் திருகு இருக்கு, அதத் திருப்பி நேராக்கினா மெதுவாப் போகும்போது வலப்பக்கம் ஓடுறது, எல்லாம். ஒண்ணரை மணி நேரம் கேட்டுக்கிட்டு இருந்தாரு. கடைசி பஸ்சுக்கு நேரமாச்சு, எந்திரிச்சுப் போயிட்டாரு. பொண்டாட்டிய அனுப்புங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. என்ன மனுசன் அவரு? வாயத் திறந்து கேட்டாத்தான நமக்குத் தெரியும்.

ரெண்டாவது தடவை வந்தன்னைக்கு உலகு வீட்டுல இல்ல. மரம் தேய்க்க உப்புத்தாள் வாங்கிட்டு வரச் சொல்லிக் கல்லிடைக்குறிச்சிக்கு அனுப்பிருந்தேன். எங்க ஊரு அம்பையிலயே கிடைக்காதான்னு கேக்கீங்க. கிடைக்கும். அவன் தாரது சரியில்ல.

இந்த வண்டிய ஏன் இங்ஙன நிப்பாட்டுதான்? ஒருத்தர் கை காட்டினா நிப்பாட்டிருவானா? ஸ்டாப்பே இல்லலா இது. ஏ டிரைவரே, எடுங்க, தண்ணி வத்துறதுக்குள்ள போய்ச் சேரணும். நிசமாத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. பங்குனி பிறந்திட்டு. எங்க குளத்துல முழங்காலுக்குத்தான் தண்ணி கிடக்கு, பூராவும் பாசி. சுரண்டைக் குளத்துல இன்னும் பத்து நாளைக்குத் தாங்கும்னு கேள்வி. அதுக்குள்ள ஓட்டிப் பாக்கலைன்னா பொறவு மழை பேஞ்சு குளம் பெருகணும். அதுவரைக்கும் நான் இருக்கணும்.

விட்ட இடத்துக்கு வாரேன். உலகு வந்த பொறவும் சம்பந்தி வாரத நிப்பாட்டல. ஞாயித்துக்கிழமைதோறும் ரிமோட்டையும் பேட்டரியையும் பைக்குள்ள போட்டுக்கிட்டு முதல் பஸ்சுல வந்திருவாரு. மருமக காப்பி குடுப்பா, குடிப்பாரு. நல்லாருக்கியாம்மான்னு கேப்பாரு, நல்லாருக்கேன் மாமாம்பா. அதுக்கு மேல நாங்க யாரும் அதப் பேசல. படகத்தான் பேசினோம். எனக்கும் அது தோதா இருந்துச்சு.

ஒண்ணொண்ணாப் பாத்தோம். தண்ணிய உதைக்கிற விசிறி சுத்துற பக்கத்துக்கு எதிரா படகு திரும்பும்னு அவரு சொன்னாரு. சரின்னு எதிர்ப்பக்கம் சுத்துற விசிறி வரவழைச்சோம். அப்பமும் இடப்பக்கம்தான். நடுக்குளத்துல போய்ச் சொன்ன பேச்சுக் கேக்காம நிக்குதேன்னு பாத்தா, ரேடியோ வாங்குற ஒயரு மோட்டாருக்குப் பக்கத்துல சுருண்டு கிடந்துச்சு. இளநி குடிக்கிற குழாய்க்குள்ள விட்டு நட்டமா நிப்பாட்டினாரு, அந்தக் குறை தீந்துச்சு. மோட்டாருக் கம்பி போற வழியா உள்ள தண்ணி கசிஞ்சுது, கிரீஸ் அடைச்சோம், அதுவும் நின்னுச்சு. எல்லாம் சரியாச்சு. இந்த இழுப்பு மட்டும் தீரல. நான் காத்து மேல பழியப் போட்டேன். மேக்கருந்து அடிக்கிற காத்து இடப்பக்கமாத் தள்ளுதுன்னேன். அவரு படகத் திருப்பி எதிர்ப்பக்கமா விட்டுக் காட்டினாரு. அப்பமும் அதுக்கு இடப்பக்கம்தான் திரும்புச்சு. காத்து எப்பிடி ரெண்டு பக்கமும் அடிக்கும்?

ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க அப்பா காலத்துப் படிக்கல்லக் கொண்டாந்தாரு. தங்கம் நிறுக்கிற படிக்கல்லு, சின்னச் சின்னதா, ஒரு டப்பா நிறைய. தொட்டியில படக மிதக்க விட்டு, மூக்குல வலப்பக்கமா ஒண்ணொண்ணா வச்சாரு. கண்ணத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டு போயி, மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தட்டார் பிள்ளைலா. கடைசில, 'தொண்ணூறு கிராம், சம்பந்தி. இடது மூக்குல தொண்ணூறு கிராம் கூட இருக்கு. உள்ள என்ன வச்சீங்க?' ன்னு கேட்டாரு.

ஒண்ணும் வைக்கலையேன்னேன். பொய் சொல்லல அண்ணாச்சி, சாமி சத்தியமா அப்பம் எனக்கு ஞாவகமே வரல. பாரம் என்ன வச்சீங்கன்னு கேட்டா ஈயம், இரும்பு, ஆணின்னுதான மனசு போகும். சாமி காரியத்துக்கு வச்சது பாரத்துல சேருமா? உங்க வீட்டு நிலைக்கு அடியில வைக்கப் போறத நீங்க பாரம்னு சொல்லுவீங்களா?

சரி, அப்பம் வலப்பக்கமும் தொண்ணூறு வச்சிருவோம்னு நான்தான் யோசனை சொன்னேன். ஈயத்துண்டு ஒட்டினோம். நேராப் போச்சு. ஆனா மூக்கு முங்கிப் போச்சு. வேகத்த ஏத்தினா தண்ணியக் குடிச்சுக்கிட்டே போகுது. நாலாவது சுத்துல முழுசா முங்கி, நான் இடுப்பளவு தண்ணியில இறங்கித் தூக்கிட்டு வந்தேன். அன்னைக்குச் சம்பந்திக்குப் பொறுமை போயிட்டு. உடைச்சுப் பாத்திருவோம்னாரு. என் வேலைய உடைக்கணும்னு சொல்லுதாரு பாத்துக்கிடுங்க. முப்பத்தஞ்சு வருசத் தச்சு வேலை, ஒரு வீட்டுல ஒரு கதவு இறங்குச்சு, ஒரு நிலை சாஞ்சுதுன்னு யாரும் சொன்னதில்ல. எனக்குக் கோவம் வந்துட்டு. உம்ம ரேடியோ சாமான எல்லாம் உடைச்சுப் பாரும், குத்தம் அதுலதான் இருக்கும்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் நீங்க வாங்கன்னுதான் பேசுவோம். அன்னைக்குத்தான் நீரு உம்மன்னு வந்துட்டு.

அவரு ஈரக்கால் வேட்டியப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னாரு.

"நீரு படகையும் விட மாட்டீரு, பிள்ளையையும் விட மாட்டீரு."

அவ்வளவுதான். சத்தமாக் கூடச் சொல்லல. ரிமோட்டப் பைக்குள்ள போட்டாரு, பேட்டரியக் கழட்டினாரு, போயிட்டாரு. நாலு ஞாயித்துக்கிழமையா வரல.

எனக்கு மனசு ரொம்பச் சடவாப் போச்சு அண்ணாச்சி. பிள்ளைய நான் விட மாட்டேனா? நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? கதவு திறந்துதான கிடக்கு. போகணும்னா போகட்டும். போறேன்னு அவ ஒரு நாளும் சொல்லலையே. ஒரே ஒரு நாள் மட்டும், பேங்க் சோலி இருக்கு, சுரண்டை வரைக்கும் போயிட்டு வாரேன்னா. அன்னைக்கு எனக்கு நெஞ்சு கரிச்சுக்கிட்டு வந்துச்சு. நடிப்பு ஒண்ணும் இல்ல, நிசமாவே கரிச்சுது. அவ போகல. மோர் கலக்கிக் குடுத்துட்டு மிஷின்ல உக்காந்துட்டா.

ரிமோட்டு இல்லாத படக வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பட்டறையில வேலை ஓடல. ரெண்டு நிலை ஆர்டர் கிடந்துச்சு, உளிய எடுத்தா படகுதான் கண்ணுக்கு முன்னால வருது. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிடுவேன். எதுல குத்தம், எதுல குத்தம்னு ஒரே நினைப்பு. அடிப்பலகை வளைஞ்சிருக்குமோன்னு நூல் பிடிச்சுப் பாத்தேன். வளையல.

போன செவ்வாக்கிழமை, உலகு பிளவுஸ் ஒண்ணுக்குக் கொக்கி வச்சுக்கிட்டு இருந்தவ, தலையத் தூக்காமலே கேட்டா.

"அப்பா, ஈசானியத்துல வச்சீங்கள்லா, அத எடுத்துப் பாத்தீங்களா?"

"அது பாரம் இல்லளா. அது நல்லதுக்கு வச்சது."

"நல்லதுக்கு வச்சதுதான். எடை இருக்காதாப்பா அதுக்கு?"

  அவ மறுபடியும் கொக்கி வைக்க ஆரம்பிச்சிட்டா. நான் வெளிய போயி, ஒரு டீ குடிச்சு, திரும்பி வந்து, இன்னொரு டீ குடிக்கப் போனேன். பொறவு வந்து அரையங்குல உளிய எடுத்தேன். என் வார்னிஷ நானே வெட்டினேன் அண்ணாச்சி. கட்டி வச்சபடி இருந்துச்சு, சூடத்தோட கரி கூட ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. நகைக்கடையில கொண்டுபோய் நிறுத்துப் பாத்தேன். தொண்ணூறு கிராமும் ஒரு பொட்டும். தட்டார் கண்ணு தட்டார் கண்ணுதான், என்ன சொல்லுதீங்க.

குழிய அடைச்சு, இழைச்சு, மறுபடியும் வார்னிஷ் அடிச்சேன். இந்தா, இங்ஙனதான். உத்துப் பாத்தா நிறம் ஒரு மாத்து கம்மியாத் தெரியும். தொட்டியில போட்டா மூக்கு ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. ஆனா ஓட்டிப் பாக்கலைலா. ரிமோட்டு அங்க இருக்கு. நேராப் போகுமா, மறுபடியும் இழுக்குமா, அது எனக்கு இன்னும் தெரியாது. அதான் இருப்புக்கொள்ளல. போன் பண்ணிச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நேர்ல போயிருவோம்னு நேத்து உலகுட்ட சொன்னேன். நானும் வாரேன்னா.

சொல்லிட்டு ரூமுக்குள்ள போயித் துணிய மடிச்சா. ரெண்டு பை. ஒரு நாளைக்கு எதுக்குளா ரெண்டு பைன்னேன். பொறவு சாவியக் கொண்டாந்து பட்டறை மேஜையில வச்சா. 'அப்பா, அந்த ரூம்ல உங்க பலகைய அடுக்கிக்கிடுங்க. மழை வந்தா பட்டறையில நனையுதுல்லா' ன்னா. பங்குனி வெயிலு கொளுத்துது, மழையப் பத்திப் பேசுதா. நான் ஏதோ கோவமோன்னு நினைச்சேன். மூஞ்சியப் பாத்தா கோவம் இல்ல. எனக்குச் சோறு போட்டுட்டு, பக்கத்துல உக்காந்து, மிளகா வத்தல் எந்த டப்பாவுல இருக்கு, கேஸ் தீந்தா யாருக்குப் போன் பண்ணணும்னு ஒண்ணொண்ணாச் சொன்னா. எனக்குத் தெரியாததா அதெல்லாம். ஏழு வருசமா யாரு சமைக்கா அந்த வீட்டுல?

மிஷின் ரிப்பேராம். நேத்து ராத்திரி வரைக்கும் கடகடன்னு ஓடிச்சு. ஸ்டாண்டு வீட்டுல கிடக்கு, தலைய மட்டும் கழட்டிருக்கா. ஸ்டாண்டு எதுக்கு வேண்டாம்னு கேட்டேன். பொறவு எடுத்துக்கிடலாம்ப்பான்னா. ரூம ஒதுக்கிட்டாங்களாம், அங்ஙன சுரண்டையில. மாமா ரேடியோ சாமானப் பூரா எடைக்குப் போட்டுட்டாராம். இது எப்பம் நடந்துச்சு, யாரு இவளுக்குச் சொன்னா? மாப்பிள்ளை தினமும் போன்ல பேசத்தான் செய்தாரு போல. எங்கிட்ட வாயத் திறக்காத மனுசன்.

அது என்ன, ரயில்வே கேட்டா? பாவூர்ச்சத்திரம் அதுக்குள்ளயா வந்திட்டு? இப்பம் என்ன இவ்வளவு வேகமா ஓட்டுதான் இவன். கடையத்துலருந்து இங்க வர அரை மணி நேரமாவது ஆகாதா?

இருங்க அண்ணாச்சி, எந்திரிக்காதீங்க. ஒரு நிமிசம். சட்டைப் பையில ஒண்ணு இருக்கு, படகு இடிக்குது, இந்தக் கையால எடுக்கேன். இந்தாங்க. அதேதான். படகுலருந்து எடுத்த கட்டியக் கழுவிப் புளி போட்டுத் தேச்சிருக்கேன், எப்பிடி மின்னுது பாத்தீங்களா.

ஒரு விசயம் சொல்லுதேன், யாருட்டயும் சொல்லல. இன்னைக்குக் காலையில அவ குளிக்கப் போயிருந்தப்பம் இத ஒரு துணியில சுத்தி அவ மிஷின் பெட்டிக்குள்ள வச்சிட்டேன். ஈசானிய மூலையிலதான். நல்லதுக்குத்தான வச்சேன், போற இடத்துல கூட இருக்கட்டும்னு. அம்பை பஸ் ஸ்டாண்டுல பெட்டியத் தூக்கினா. தூக்கின உடனே கீழ வச்சிட்டா. திறக்கக் கூட இல்ல. பெட்டியப் பாத்தா, என்னையப் பாத்தா.

"அப்பா, எடுங்க" ன்னா.

 அத்தனை பேருக்கு முன்னால நான் பெட்டியத் திறந்து, எடுத்து, சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி, சொல்லுறதுக்கு என்ன வெக்கம். அவ என் தோள்ல கிடந்த மரத்தூளத் தட்டி விட்டா. பொறவு பெட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால போயி உக்காந்தா. லேசாத் தூக்கினா.

நீங்க வச்சுக்கிடுங்க. தயங்காதீங்க, தாயத்து ஒண்ணும் இல்ல, சுத்தமான பஞ்சலோகம். உலகு வீட்டுக்கு வேண்டாமான்னு கேக்கீங்க. அவ கட்டும்போது அவ பாத்துக்கிடுவா. புதன்கிழமை உங்க நிலைக்கு அடியில, ஈசானியம் பாத்து வைங்க. வீட்டுக்கு அது ஒண்ணும் செய்யாது. வீடு எங்கயும் போகப் போறதில்லலா.

இறங்குங்க அண்ணாச்சி, பைய மறந்திராதீங்க. கீல மட்டும் அஞ்சங்குலமா மாத்திருங்க.